ஆங்கில வகுப்பில் மரியாதையாகச் சொல்லிப் பழகுவது எப்படி?

தமிழ்வழியில் படிக்கும் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக ஆங்கிலம் எடுக்கப் போகிறீர்களா? அங்கே பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் காதில் விழுவதே உங்கள் வாயிலிருந்துதான். "சிட்!", "கம் ஹியர்!" என்று அதட்டினால், ஆங்கிலம் பேசுவதென்றால் இப்படித்தான் என்று அவர்களும் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் கவனத்தைத் திருப்புங்கள். ஸ்கேலால் மேசையைத் தட்டி "சைலன்ஸ்!" என்று கத்த வேண்டாம். முன்னால் வந்து "லிசன், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கடைசி பெஞ்சும் திரும்பிய பிறகு ஆரம்பியுங்கள்.

அடுத்து, வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "ஓப்பன் யுவர் புக்ஸ், ப்ளீஸ்." எல்லோரும் திறக்கட்டும். அப்புறம் "டர்ன் டு பேஜ் தர்ட்டி." இங்கே சிலர் 13-ஆம் பக்கத்துக்குப் போய்விடுவார்கள், தர்ட்டீனும் தர்ட்டியும் புதுக் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். சொல்லும்போதே கரும்பலகையில் 30 என்று எழுதிவிடுங்கள். பக்கம் மாறிப்போன பிள்ளையைத் திட்டும்படி ஆகாது. என்னைக் கேட்டால், பத்து ப்ளீஸைவிட இது பெரிய மரியாதை.

மரியாதை என்பதற்காக "வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?" வரை போக வேண்டாம். அதற்கு "யெஸ்" என்றால் சிரமம்தான் என்று ஆகிவிடும், பிள்ளை குழம்பும். "குட் யூ ஓப்பன் த விண்டோ, ப்ளீஸ்?" போதும்.

பயிற்சி கொடுத்ததும் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்காதீர்கள். புரியாதவரும் சேர்ந்து "யெஸ் மிஸ்" என்பார். "ஆர் யூ ரைட்டிங் ஆர் டாக்கிங்?" என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்கும்போது, முதலில் கேள்வி, பிறகு சற்று இடைவெளி, அதன் பிறகே பெயர்: "வாட் டு யூ திங்க்... கவிதா?" ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி காத்தாலே பதில்கள் நீளமாக வருகின்றன என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். வேற்று மொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு அந்த அவகாசம் இன்னும் அவசியம்.

பதில் தப்பா? "ராங்!" வேண்டாம், "நாட் க்வைட், ட்ரை அகெய்ன்" என்று சொல்லுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், அந்தப் பிள்ளையை நிற்கவைத்துவிட்டு அடுத்தவரிடம் போகாதீர்கள். "தேங்க் யூ, கவிதா. ப்ளீஸ் சிட் டவுன்" என்று சொல்லி, முதலில் உட்கார வையுங்கள்.