ஜெபம் வராத நாட்களுக்கு

கஷ்டம் நீண்டுகொண்டே போனால் ஜெபிக்க வார்த்தையே வராது. அந்த நாட்களில் வேதாகமத்தின் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனங்கள்தான். முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டுவிடுகிறார். அங்கேயே நிறுத்தி, உங்கள் பிரச்சினையைப் பெயர் சொல்லி அதே கேள்வியைக் கேளுங்கள். தேவனிடம் முறையிடுவது அவிசுவாசம் ஆகாது. ஆறாம் வசனத்தில் தாவீது "கர்த்தரைப் பாடுவேன்" என்று முடிக்கிறார்; அந்தப் பாட்டு உங்களுக்கு இன்றைக்கே வராவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம், உடம்பையும் கவனியுங்கள். "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு முறை தட்டியெழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான் (1 இராஜாக்கள் 19). சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எலியாவைப் போலவே சாகத் தோன்றினால், தனியாக இருக்காமல் உடனே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.