அமெரிக்க டிபிஎஸ்: கோட்டை விடக் கூடாத தேதிகளும் தாள்களும்

போராலோ நிலநடுக்கம் போன்ற பேரிடராலோ சொந்த நாடு திரும்ப முடியாதவர்களுக்கு அமெரிக்கா தரும் தற்காலிகப் பாதுகாப்பு நிலைதான் டிபிஎஸ். 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஒரு நாட்டை 6, 12 அல்லது 18 மாதங்களுக்கு அறிவிப்பார். கெடு முடிய 60 நாள் இருக்கும்போதே, நீட்டிப்பதா முடிப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். 2025இல் வெனிசுவேலா, நேபாளம், ஹோண்டுராஸ், ஆப்கானிஸ்தான் என வரிசையாக முடிவறிவிப்புகள் வந்தன, வழக்குகளும் தொடர்ந்தன. அரசின் முடிவு நம் கையில் இல்லை. ஆனால் ஒரு தாளைத் தவறவிட்டு, கையில் இருக்கும் உரிமையையும் இழப்பது தவிர்க்கக்கூடியது.

செய்தித் தலைப்பை மட்டும் படித்து முடிவெடுப்பதுதான் பெரிய தவறு. வெனிசுவேலாவையே பாருங்கள். அந்நாட்டுக்கு 2021இல் ஒன்று, 2023இல் ஒன்று என இரண்டு அறிவிப்புகள். 2023 பிரிவை முடிக்கும் உத்தரவை 2025 மார்ச் 31 அன்று மாவட்ட நீதிபதி எட்வர்ட் சென் நிறுத்திவைத்தார். மே 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. 2021 பிரிவுக்கோ நவம்பர் 7 வரை கெடு இருந்தது. இதற்கு நடுவே இன்னொரு சிறு பிரிவும் உண்டு. 2026 அக்டோபர் 2 என்று தேதியிட்ட வேலை அட்டையோ, குடிவரவு அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் ஐ-797 கடிதமோ 2025 பிப்ரவரி 5க்குள் கிடைத்தவர்களுக்கு, அந்தத் தேதி செல்லும் என்று மே 30 அன்று அதே நீதிபதி உத்தரவிட்டார். ஆக, ஒரே வீட்டில் கணவருக்கு முடிந்துவிட்ட பாதுகாப்பு மனைவிக்குத் தொடரலாம். ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வரும் அறிவிப்பு, உங்கள் ஐ-797, யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் உங்கள் நாட்டுக்கான பக்கம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகே எதையும் தீர்மானியுங்கள்.

பரோலையும் டிபிஎஸ்ஸையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பரோல் தனி ஆளுக்குத் தரப்படும் நுழைவு அனுமதி. ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் அதன் தேதி இருக்கும். டிபிஎஸ்ஸுக்குத் தனியாக ஐ-821 விண்ணப்பம் போட வேண்டும். இரண்டும் வைத்திருப்பவருக்கு ஒன்று போனால் மற்றதும் தானாகப் போய்விடாது. நம்மவர்களுக்கு ஒரு சொல்: இலங்கையும் இந்தியாவும் டிபிஎஸ் பட்டியலில் இடம்பெற்றதே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகுகூட இலங்கையை அறிவிக்கவில்லை. வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

நாட்டுக்கு நீட்டிப்பு கிடைத்ததால் தமக்கும் தானாக நீண்டுவிட்டது என்று இருந்துவிடுவது அடுத்த தவறு. ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கான அவகாசம் பெரும்பாலும் 60 நாள்தான். வேலை அட்டை வேண்டாதவரும் ஐ-821 அனுப்பியே ஆக வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதி, மருத்துவமனைச் சீட்டு போன்ற ஆதாரத்தோடு அனுப்புங்கள். அதை ஏற்பதா இல்லையா என்பது அதிகாரியின் கையில்.

வேலை அட்டை விதிகள் வெகுவாக மாறிவிட்டன. புதுப்பிக்க விண்ணப்பித்தாலே 540 நாள் நீளும் பழைய சலுகை, 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு இல்லை. ஃபெடரல் ரெஜிஸ்டர் அறிவிப்பே தானாக நீட்டினால்தான் காலாவதியான டிபிஎஸ் அட்டை செல்லும். அப்போது வேலை செய்யும் உரிமையை முதலாளி சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்காக அட்டையோடு அந்த அறிவிப்பின் நகலையும் முதலாளியிடம் கொடுங்கள். அட்டையில் ஏ12 என்றோ சி19 என்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலாவது டிபிஎஸ் கிடைத்தவருக்கு, இரண்டாவது விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கு.

கட்டணத்தில் தவறினால் உறை அப்படியே திரும்பி வரும், அதற்குள் அவகாசமும் கழிந்துவிடும். முதல்முறை ஐ-821 கட்டணம் 2025 ஜூலையில் 50 டாலரிலிருந்து 500 டாலரானது. பணவீக்கத்துக்கேற்ப இது ஆண்டுதோறும் மாறும் என்பதால், அனுப்பும் நாளன்று தொகையைச் சரிபாருங்கள். தாளில் அனுப்பும் விண்ணப்பத்துக்குக் காசோலையும் மணி ஆர்டரும் பொதுவாக இனி எடுபடாது. ஜி-1450 படிவம் மூலம் கார்டிலோ ஜி-1650 படிவம் மூலம் வங்கிக் கணக்கிலிருந்தோ கட்ட வேண்டும்.

வீடு மாறினால் தபால் நிலையத்தில் சொன்னது போதாது. 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் அனுப்ப வேண்டும். குடிவரவு நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் 5 நாளுக்குள் அந்த நீதிமன்றத்துக்கு இஓஐஆர்-33 படிவம் தனியாக.

அதிகம் கவலை தருவது, டிபிஎஸ் இருக்கிறதே என்று வேறு வழியைத் தேடாமல் இருப்பதுதான். அடைக்கலம் கேட்க நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் ஐ-589 போட வேண்டும். அந்த ஓராண்டு முடியும் முன்பே டிபிஎஸ் கிடைத்து, அது தொடர்ந்து இருந்திருந்தால், டிபிஎஸ் முடிந்தபின் நியாயமான காலத்துக்குள் போட விதிவிலக்கு உண்டு. விதியில் அதற்கு நாள் கணக்கு இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்தால் கேட்பது கடினம். ஓராண்டு கழிந்த பிறகு டிபிஎஸ் பெற்றவருக்கு இந்தக் காரணம் உதவாது.

டிபிஎஸ் இருக்கும்வரை, சட்டவிரோதமாகத் தங்கிய நாள்களின் எண்ணிக்கை ஏறாது. அது முடிந்து, வேறு அனுமதியும் இல்லையென்றால், மறுநாளிலிருந்து எண்ணிக்கை ஓடும். ஒரே தங்கலில் 180 நாளைத் தாண்டி வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டைத் தொட்டால் 10 ஆண்டும் திரும்பி வரத் தடை. டிபிஎஸ் கிடைக்கும் முன் அனுமதியின்றி இருந்த நாளும் கணக்கில் சேரும். 18 வயதுக்கு முந்தைய நாள்கள் சேராது. விமானச் சீட்டு எடுக்கும் முன் இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, உரிமம் பெற்ற வழக்கறிஞரிடமோ நீதித் துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடமோ காட்டுங்கள்.