பிள்ளைக்கு சலூன் வைத்துக் கொடுக்கும் முன்: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு

மகனோ மகளோ சலூன் வைக்கப்போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் முதலில் கடை தேடத் தொடங்குகிறார்கள். அது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய வேலை. முதலாவது, கை பழகுவது. இரண்டாவது, ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியே எடுத்து வைப்பது. பெற்றோர் கொடுக்கும் பணம் முழுவதும் கண்ணாடிக்கும் விளக்குக்கும் சீலிங்குக்கும் போய்விட்டால் இந்த இரண்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது. நல்ல கை உள்ள பிள்ளைகளின் கடைகள்கூட அப்படித்தான் ஒரு வருஷத்துக்குள் ஷட்டரை இறக்குகின்றன.

மூன்று மாத அகாடமி சான்றிதழ் சுவரில் மாட்ட உதவும்; ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிக்க உதவாது. நன்றாக ஓடுகிற கடையில் குறைந்தது ஒரு வருஷம் வேலைக்கு அனுப்புங்கள். தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழில் செய்யும் குடும்பங்களின் கடைகளுக்கு நீங்களே நேரில் போய், மரியாதையாகக் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். அங்கே கிடைக்கிற பழக்கம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. ‘நம்ம பிள்ளை இந்த வேலைக்கா’ என்று சொந்தக்காரர் யாராவது முகம் சுளித்தால், பதிலை நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பேச்சு வீட்டுக்குள் உலவும்வரை பிள்ளை நிமிர்ந்து நின்று காசு கேட்காது.

தனிக்கடைக்குத் தயாரா என்று பார்க்க நான்கு வேலை போதும். கோடு தெரியாத ஃபேட் கட்டிங், அதாவது பக்கவாட்டில் கீழிருந்து மேலே முடி படிப்படியாகக் கூடும்படி வெட்டுவது. சீப்பின் மேல் கத்தரி ஓட்டி ஒரு பெரியவருக்கு ஒழுங்கான கட்டிங். அழுகிற ஐந்து வயதுக் குழந்தைக்குக் காயமில்லாமல் முடி வெட்டுவது. பிளேடு ஷேவிங். ஒரு கட்டிங் 30 நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் இன்னும் சில மாதம் பழகட்டும். பெண்கள் பார்லர் என்றால் முதலில் வீட்டு முன்அறையே போதும். வாடகை இல்லாமல் வாடிக்கை சேரும்.

இடம்

வேலூரில் ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு குணம். காட்பாடியில் வி.ஐ.டி. பக்கம் மாணவர் கூட்டம், ஃபேட், கலரிங் எல்லாம் நன்றாகப் போகும். கோடை விடுமுறையிலும் டிசம்பர் விடுமுறையிலும் தெருவே காலி, வாடகை மட்டும் நிற்காது. சி.எம்.சி. மருத்துவமனைச் சுற்றுவட்டார லாட்ஜ்களில் தங்குபவர்களில் பலர் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள். நாலு வார்த்தை இந்தி வேண்டும். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் மொட்டை போட வருவார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு, சின்னக் கீறலும் ஆபத்து. அங்கே பிளேடு வேண்டாம், சுத்தம் செய்த டிரிம்மரால் எடுப்பதுதான் சரி. சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பக்கம் குடும்பங்கள் அதிகம். கூட்டம் மெதுவாக வந்தாலும் நிலைக்கும். முதல் கடைக்கு எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

10 அடிக்கு 15 அடி அறையில் இரண்டு நாற்காலி, ஒரு ஹேர்வாஷ் பேசின், காத்திருக்க ஒரு பெஞ்சு அடங்கும். நாற்காலிக்கு நாற்காலி 5 அடி வேண்டும். குறைத்தால் முழங்கை இடிக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு புதன்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எதிரில் நின்று நடமாட்டத்தை எண்ணிப் பாருங்கள். 11 மாத ஒப்பந்தத்தோடு நிறுத்தாமல், மூன்று வருஷத்துக்கு எழுதி, வாடகை எப்போது எவ்வளவு ஏறும் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பைப்பும் பேசினும் போட்ட பணத்தைக் காலி செய்யும்போது எடுத்துப்போக முடியாது.

தண்ணீரும் கரண்டும்

இரண்டையும் கடை பிடிக்கும் முன்பே பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு நுரைக்காது, கலர் மங்கும், கெய்சர் சுருளில் வெள்ளையாகப் படிந்து சீக்கிரம் எரிந்துபோகும். ஹேர்வாஷுக்கு மட்டும் நல்ல தண்ணீரைத் தனி டேங்கில் வைக்கலாம். பேசினுக்குக் கீழே முடி பிடிக்கும் சல்லடை கட்டாயம். அது இல்லாமல் வடிகால் அடைத்தால் பக்கத்துக் கடைக்காரரோடு முதல் சண்டை அதில்தான் வரும்.

ஹேர் டிரையர் 2,000 வாட், கெய்சர் 2,000 வாட், ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1,600 வாட். மூன்றும் சேர்ந்து ஓடினால் ஏறக்குறைய 24 ஆம்பியர். பழைய கடையின் மெல்லிய ஒயர் இதைத் தாங்காது. சுவருக்குள்ளேயே சூடேறி உருகும். மூன்றுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்கச் சொல்லுங்கள். மீட்டர் வணிக இணைப்பா என்று பில்லை வாங்கிப் பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது பிடிபட்டால் மின்வாரியம் இருமடங்குக் கட்டணம் போட்டு வசூலிக்கும்.

சாமான்

ஹைட்ராலிக் நாற்காலி முதலில் ஒன்று, நல்லதாக. இரண்டாவதற்கு இடம் விட்டு வையுங்கள். ஆள் கிடைத்த பிறகு வாங்கலாம். 6 அங்குலக் கத்தரி இரண்டு, அடர்த்தி குறைக்கும் பல் கத்தரி ஒன்று, கிளிப்பர் (முடி வெட்டும் மெஷின்) இரண்டு, லைனிங் எடுக்க சின்ன டிரிம்மர் ஒன்று. இரண்டாவது கிளிப்பர் ஆடம்பரம் இல்லை: பாதித் தலையில் ஒன்று நின்றுவிட்டால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். தினமும் கிளிப்பர் பிளேடில் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் சூடேறி முடியைப் பிடித்து இழுக்கும். துண்டு குறைந்தது 30. ஸ்டீமர், ஃபேஷியல் மெஷின் இப்போது வேண்டாம். புதுக் கடைகளில் அதிகம் தூசி படிந்து கிடப்பது அதுதான்.

சுத்தத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஷேவிங் பிளேடு ஒரு ஆளுக்கு ஒன்று, அவர் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். பழைய பிளேடு கெட்டியான மூடி போட்ட டப்பாவுக்குள் போகட்டும்; குப்பைப் பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கை கிழியும். ஒரே படிகாரக் கல்லை எல்லார் முகத்திலும் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். ஒருவர் ரத்தம் அடுத்தவர் காயத்தில் படும். அதையே கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்தால் தீர்ந்தது. படர்தாமரை கிளிப்பர் வழியாகவும் பரவும். ஒவ்வொரு தலைக்குப் பிறகும் பிளேடில் ஒட்டிய முடியைப் பிரஷ்ஷால் தட்டி, 70 சதவீத ஆல்கஹால் அடித்து, காய்ந்த பிறகே அடுத்தவருக்கு எடுக்க வேண்டும். சீப்புகளைச் சோப்பில் கழுவி, 0.5 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் கரைசலில் 10 நிமிஷம் ஊறவைத்து அலசலாம்; இரும்புச் சாமானை அதில் போட்டால் துருப்பிடிக்கும். கிருமியைக் கொல்லும் என்று விற்கிற நீல விளக்குப் பெட்டியை (யு.வி.) நம்பாதீர்கள். வெளிச்சம் படுகிற இடத்தில்தான் அது வேலை செய்யும். முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய கருவியை அது சுத்தமாக்காது.

ஹேர் டை போடும் முன் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். கறுப்பு டையில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு முகம் வீங்குகிற அளவுக்கு ஒவ்வாது. ‘எப்பவும் போடறதுதாம்பா’ என்று சொல்பவருக்கும், அந்தக் கம்பெனி டை புதிது என்றால், இதே கதைதான்.

பணமும் காகிதமும்

மாநகராட்சியில் தொழில் உரிமம், சிறுதொழிலுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. தமிழ்நாடு முடி திருத்துவோர் நல வாரியத்திலும் பிள்ளையைப் பதிவு செய்துவிடுங்கள்.

முத்ரா கடனில் சிசு வகை 50,000 ரூபாய் வரை, கிஷோர் வகை 5 லட்சம் வரை. இதற்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். அதில் ஒரு சிக்கல்: கடன் அனுமதியாகும் முன்பே நாற்காலி வாங்கிக் கடையைத் திறந்துவிட்டால் புதுத்தொழில் என்ற கணக்கில் வராது. கடன் கிடைத்தாலும் மானியம் உடனே கையில் வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே இருக்கும். கைத்தொழில் செய்பவர்களுக்கு மாநில அரசு மானியக் கடன் தரும் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்தவர்களுக்கு; இளம் பிள்ளைகள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கொடுக்கும் பணம் அன்பளிப்பா கடனா என்பதை, மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும்படி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடன் என்றால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது. வங்கி வழியாக அனுப்புங்கள்.

தினம் எத்தனை தலை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு வாடகை 10,000, கரண்ட் 3,500, கடன் தவணை 4,900, துணி சலவை, தண்ணீர், சில்லறை 1,600. ஆக 20,000. பிள்ளையின் சம்பளம் 15,000 சேர்த்தால் 35,000. ஒரு தலைக்குச் சராசரி 150 ரூபாயில் சாமான் செலவு 20 போக 130 நிற்கும். 35,000-ஐ 130-ஆல் வகுத்தால் மாதம் 270 தலை. செவ்வாய் விடுமுறை போக 26 நாள், தினம் 10 தலைக்குக் கொஞ்சம் மேல். பிள்ளையின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் ‘லாபம் வருது’ என்று மகிழ்வதுதான் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு.

திறப்பு விழாவுக்குப் பாதி விலை போடாதீர்கள். அந்த விலைக்கு வந்தவர் முழு விலைக்கு வரமாட்டார். அக்கம்பக்கத்துக் கடைகளின் கட்டணத்தை முடி திருத்துவோர் சங்கத்தில் விசாரித்து அதே அளவில் வையுங்கள். கல்லாவில் நீங்கள் உட்காராதீர்கள். ஜிபே ஸ்டிக்கரும் பிள்ளை கணக்கிலேயே இருக்கட்டும், அடுத்த கடனுக்கு வங்கி அந்த வரவைத்தான் பார்க்கும். சொந்தக்காரர்களுக்கு இலவசக் கட்டிங் கிடையாது என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். பிள்ளையால் சொல்ல முடியாது.

ஆண்கள் சலூனுக்குக் கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை பிறக்கும்வரை மந்தம்: மாலை போட்டவர்கள் முடியும் தாடியும் எடுக்கமாட்டார்கள். பக்ரீத்துக்கு முந்தைய பத்து நாள் குர்பானி கொடுக்கும் குடும்பங்களும் வரமாட்டார்கள்; மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் இது நன்றாகவே தெரியும். ரம்ஜானுக்கு முந்தைய இரவு, தீபாவளி வாரம், குடியாத்தம் பக்கமென்றால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, இவைதான் கைநிறைய வேலை வரும் நாட்கள். அந்த வரவில் ஒரு பங்கை மந்த மாத வாடகைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

தினம் எத்தனை தலை என்று முதல் நாளிலிருந்தே நோட்டில் எழுதட்டும். தொடர்ந்து 14 தாண்டினால் இரண்டாவது நாற்காலியும், பங்குக்கு வேலை செய்ய ஓர் ஆளும். ஆறு மாதம் ஆகியும் 7-ஐத் தாண்டவில்லை என்றால் மேலும் நகையை அடகு வைக்காதீர்கள். வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று அதே நோட்டில் பாருங்கள். திரும்ப வருகிறார்கள், ஆனால் புது ஆள் வரவில்லை என்றால் இடம் சரியில்லை. நாற்காலியோடு வாடகை குறைந்த தெருவுக்கு மாறலாம். வந்தவர்களே திரும்ப வரவில்லை என்றால் கை இன்னும் பழகவில்லை; கடையை மூடி, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, பிள்ளையை மறுபடி ஒரு வருஷம் நல்ல கடைக்கு வேலைக்கு அனுப்புங்கள்.