கொல்லையிலேயே பறவை பார்க்கலாம்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பறவை பார்க்க வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போயாக வேண்டும் என்றில்லை. ஒரு முருங்கை மரமும் நாலு செடியும் இருக்கிற கொல்லை போதும். கேமராவும் இப்போதைக்கு வேண்டாம். கையில் கேமரா இருந்தால் பறவையை விட்டுவிட்டுப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

1. உட்காரும் இடம்

விடிந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் அருமையான நேரம். அதை விட்டால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். தினமும் அதே இடத்தில் உட்கார்ந்தால் பறவைகளுக்கு நீங்கள் பழகிவிடுவீர்கள்.

2. காகத்திலிருந்து தொடங்குங்கள்

புதுப்பறவையைத் தேடி அலைய வேண்டாம். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக்காகம். உடம்பு முழுக்கக் கறுப்பாகவும் அலகு தடிப்பாகவும் இருந்தால் அண்டங்காக்கை. தினமும் சோறு வைக்கிறவர்கள்கூட இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்புறம் அளவு. சிட்டுக்குருவி, மைனா, காகம் மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ‘சிட்டுக்குருவியைவிடப் பெரிது, மைனாவைவிடச் சிறிது, தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு’ என்று சொல்லத் தெரிந்தாலே கொண்டைக்குருவியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

3. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆண் குயில் கறுப்பு. பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. இரண்டும் வெவ்வேறு பறவை என்றே பலர் நினைக்கிறார்கள். ஊதாத் தேன்சிட்டின் கதை இன்னும் வேடிக்கை. கூடு கட்டும் காலத்தில் ஆண் கருநீலமாக மினுமினுக்கும். அந்தக் காலம் முடிந்ததும் பெண்ணைப்போல மஞ்சளும் பழுப்புமாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும்.

அதனால் அலகையும் வாலையும், முக்கியமாக நடத்தையையும் பாருங்கள். மைனா நடக்கும், தவிட்டுக்குருவி தத்தும். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பும். தையல்சிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு புதருக்குள்ளேயே சுற்றும். செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பல சமயம் அது பூவின் வாய்ப்பக்கம் போகாமல், காம்போரம் உட்கார்ந்து பூவின் அடியில் அலகால் துளைபோட்டுத் தேனை உறிஞ்சும். அது போன பிறகு பூவைத் திருப்பிப் பாருங்கள், துளை தெரிந்தாலும் தெரியும்.

4. காதையும் தீட்டுங்கள்

பாதிப் பறவைகள் கண்ணில் படுவதற்கு முன் காதில்தான் விழும். செம்புக்குடம் தட்டுவதுபோல விடாமல் ‘டுக் டுக்’ என்றால் செம்மார்புக் குக்குறுவான். புதருக்குள்ளிருந்து ஆழமாக ‘ஊப் ஊப்’ என்றால் செம்போத்து. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தித் தீர்த்தால் உடனே எழுந்து பாருங்கள். பூனையோ பாம்போ, வைரி என்கிற வேட்டைப் பறவையோ பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் ‘மெர்லின்’ செயலி இலவசம்தான். ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. ஒரு நோட்டு

தேதி, நேரம், பறவை, அது என்ன செய்தது. இவ்வளவு எழுதினால் சரி. பெயர் தெரியாவிட்டால் பார்த்ததை அப்படியே எழுதி வையுங்கள்.

6. தண்ணீர் வையுங்கள்

தானியத்தைவிட இது நல்லது என்பது என் கட்சி. தானியத்துக்குப் பெரும்பாலும் புறாவும் குருவியும்தான் வரும்; தண்ணீருக்கு எல்லாமே வரும். அகலமான மண்தட்டில் 2 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். சின்னப் பறவைகள் நிற்க நடுவில் ஒரு சொரசொரப்பான கல் போடுங்கள். தட்டை நிழலில் வையுங்கள். ஆனால் பூனை பதுங்கும் புதரிலிருந்து சில அடி தள்ளியிருக்கட்டும். தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றினால் கொசுவும் வராது, நோயும் பரவாது. கத்திரி வெயிலில் மதியம் ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கும்.

செடிகளில் வாழை, முருங்கை, செம்பருத்தி தேன்சிட்டுக்கு. கொய்யா, பப்பாளி, கறிவேப்பிலைப் பழம் குயிலுக்கும் கொண்டைக்குருவிக்கும். பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். குஞ்சுகளுக்குப் பெரும்பாலான பறவைகள் ஊட்டுவது புழு பூச்சியைத்தான்.

7. இருநோக்கி (பைனாகுலர்) வாங்கினால்

8×42 என்று போட்டதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள்.

8. கூடு தெரிந்தால்

தள்ளி நில்லுங்கள். கிளையை விலக்கிப் படம் எடுப்பது கூட்டைக் காகத்துக்குக் காட்டிக்கொடுப்பதில்தான் முடியும். கூடு கட்டும் காலத்தில் தேன்சிட்டோ கொண்டைக்குருவியோ உங்கள் பைக் கண்ணாடியைக் கொத்தினால், தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது என்று அர்த்தம். கண்ணாடிமேல் ஒரு பழைய துணியைச் சுற்றிவிடுங்கள்.

9. பொங்கலுக்குள் தயாராகுங்கள்

ஐப்பசி முதல் பங்குனி வரை வலசைப் பறவைகளின் காலம். மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் மரத்தில் தென்படலாம். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவி, சருகு குவிந்த மூலையில் இரை தேடும். அதனால் எல்லாச் சருகையும் பெருக்கிக் கொளுத்திவிடாதீர்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்த பறவைகளை எண்ணிக்கையோடு ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும். வீட்டுக் கொல்லையிலிருந்தே செய்யலாம். அந்தத் தளத்தில் உங்களுக்கு ஒரு கணக்கைத் தொடங்கி, இடத்தைக் குறித்து வைக்கும் வேலையை மார்கழியிலேயே முடித்துவிடுங்கள்.