போட்டோ, வீடியோக்குள்ள கண்ணுக்குத் தெரியாம அடையாளம் வைக்கிறது எப்படி

நான் மும்பை செம்பூர்ல கல்யாண போட்டோ, வீடியோ எடிட்டிங் பண்றேன். போன பொங்கலுக்கு தாராவி 90 ஃபீட் ரோட்ல எடுத்த ஒரு படம், வரிசையா அடுப்பு வச்சு பானை பொங்குற நேரத்துல ஒரு பாட்டி குலவை போடுறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச படம், அது ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கேட்டரிங் விளம்பரத்துல வந்து நிக்குது. மூலைல நான் போட்டிருந்த லோகோவை வெட்டிட்டாங்க. என்கிட்ட ரா ஃபைல், அதாவது கேமரா எடுத்தபடியே இருக்கிற மூல ஃபைல் இருந்ததால எடுத்தது நான்தான்னு காட்ட முடிஞ்சது, ஆனா அந்தப் படத்தை நான் நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன், அதுல யார் கைல இருந்து வெளில போச்சுங்கிறது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தக் கோபத்துல உக்காந்து கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். நம்ம ஆளுங்க நிறைய பேரு இந்தத் தொழில்ல இருக்கீங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கோங்க, ஏன்னா இங்கதான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க. படத்துக்குள்ள ரகசியமா தகவல் அனுப்புறது ஒரு வேலை, அதுக்குப் பேரு ஸ்டெகனோகிராஃபி. படம் யாரோடதுன்னு அடையாளம் வைக்கிறது வேற வேலை, அது வாட்டர்மார்க். முதல் வேலைல நிறைய தகவல் நுழைக்கலாம், ஆனா ஃபைல் சைஸைக் குறைக்கப் படத்தை லேசா அமுக்கினாலே உள்ள இருக்கிறது செத்துடும். ரெண்டாவதுல நாலஞ்சு எழுத்து அளவுக்குத்தான் நுழையும், ஆனா அடி வாங்கினாலும் தாங்கணும். முதல் வேலைக்கான டூலை எடுத்து ரெண்டாவது வேலையைப் பண்ணப் பாத்து, "ஒண்ணுமே வரலையேண்ணே"ன்னு என்கூட வேலை பாக்குற தம்பி ரெண்டு நாள் முழிச்சுக்கிட்டு இருந்தான்.

ரகசியமா ஒளிக்கிறது எப்படின்னு சொல்லிடுறேன். படம்ங்கிறது குட்டிக் குட்டிப் புள்ளிங்க, ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். ஒரு பிக்சல்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண் இருக்கு, ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255 வரைக்கும். சிவப்பு 200ன்னா கம்ப்யூட்டர் அதை 11001000ன்னு வச்சிருக்கும், இதுல ஒவ்வொரு 0, 1ம் ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். கடைசில இருக்கிற 0வை 1 ஆக்கினா 201, அவ்ளோதான். 200க்கும் 201க்கும் வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் கடைசி பிட்ல நம்ம தகவலோட பிட்டை வச்சுக்கிட்டே போறதுதான் எல்எஸ்பி முறை, அதாவது மதிப்பு கம்மியான கடைசி பிட். ஒரு பிக்சலுக்கு 3 பிட் கிடைக்குது. 1920க்கு 1080 படத்துல 20,73,600 பிக்சல், அப்போ 62,20,800 பிட், அதாவது 7,77,600 பைட். தமிழ்ல யூனிகோடு யூடிஎஃப் 8ல (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற முறை) ஒரு 'க' 3 பைட் எடுத்துக்கும், 'கி'ன்னா மேல வர்ற இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். "தமிழ்"ங்கிற சொல் மொத்தம் 15 பைட், 120 பிட், அதை ஒளிக்க 40 பிக்சல் போதும், படத்துல ஒரு தூசி அளவுகூட கிடையாது அது.

பண்றதுக்கு ஓபன்ஸ்டீகோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கம்ப்யூட்டர்ல ஜாவா இருக்கணும். டேட்டா மறைக்கிற பகுதிக்குப் போய், ஒளிக்க வேண்டிய ஃபைலையும் படத்தையும் காட்டி, பாஸ்வேர்டு குடுத்தா வேற படமா சேவ் பண்ணித் தரும். பைதான்ங்கிற கம்ப்யூட்டர் மொழி தெரிஞ்சவங்க அதோட பில்லோ, நம்பைங்கிற லைப்ரரிகளை (ரெடிமேட் கோடு தொகுப்பு) வச்சு இருபது வரில எழுதிடலாம்: படத்தை எண்களா படிச்சு, ஒவ்வொரு எண்ணோட கடைசி பிட்டையும் அழிச்சு, அந்த இடத்துல தகவலோட பிட்டை வைக்கணும், முதல் 32 பிட்ல மட்டும் தகவல் எவ்ளோ நீளம்னு எழுதி வைக்கணும், இல்லைன்னா திரும்ப எடுக்குறப்ப எங்க நிறுத்துறதுன்னு தெரியாது. எந்த வழில போனாலும் எதையும் இழக்காம சேமிக்கிற பிஎன்ஜியாதான் சேவ் பண்ணணும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களா வெட்டி, அலைவரிசையா (நிறம் எங்க மெதுவா மாறுது, எங்க வேகமா மாறுதுங்கிற எண்களா) மாத்தி, கண்ணுக்குப் பெருசா தெரியாத நுணுக்கத்தை ரவுண்ட் பண்ணித் தூக்கிப் போட்டுடும். நம்ம கடைசி பிட் அந்தக் குப்பைல முதல்ல போயிடும். ஜேபெக்லயேதான் ஒளிக்கணும்னா ஸ்டெக்ஹைட்னு ஒரு பழைய டூல் இருக்கு, அது பிக்சலைத் தொடாம அந்த அலைவரிசை எண்கள்லயே ஒளிக்கும். ஆனா அதோட கடைசி வெர்ஷன் 2003ல வந்தது, பாஸ்வேர்டு எளிசா இருந்தா இப்ப நொடிக்கணக்குல உடைச்சிடுறாங்க, அதனால அதை மட்டும் நம்பிடாதீங்க.

இன்னொண்ணு, ஒளிச்சு வைக்கிறது வேற, பூட்டி வைக்கிறது வேற. 1999லயே வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு படத்துல கடைசி பிட்டுகளோட கணக்கை வச்சே உள்ள ஏதோ ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிற வழியைச் சொல்லிட்டாங்க. அதனால முதல்ல ஃபைலை செவன் ஜிப்ங்கிற சாஃப்ட்வேர்ல ஏஇஎஸ் 256ங்கிற பூட்டு முறையைப் போட்டு பாஸ்வேர்டோட பூட்டுங்க, அப்புறம் அதை ஒளிங்க. நெட்ல இருந்து எடுத்த படத்துக்குள்ள ஒளிக்காதீங்க, ஏன்னா ஒரிஜினலும் உங்களோடதும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எந்த பிக்சல் மாறியிருக்குன்னு அப்படியே தெரிஞ்சிடும். நீங்களே எடுத்த, வேற யார்கிட்டயும் இல்லாத படமா இருக்கட்டும், படம் முழுக்க நிறைய விஷயம் இருக்கிற படமா இருக்கட்டும், மாட்டுங்கா பூ மார்க்கெட் கூட்டம் மாதிரி. வெறும் நீல வானம் வேண்டாம். அனுப்புறப்ப வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் பைட் மாறாம போகும்.

இப்ப நம்ம பொழப்புக்கு வருவோம், அதாவது வாட்டர்மார்க்.

மூலைல லோகோ போடுறதை விட்டுடணும்னு நான் சொல்லல, போடுங்க, ஆனா வெட்டுனா படம் கெட்டுப்போற இடத்துல போடுங்க, புடவை மடிப்பு மேல, கோலத்து மேல, மெல்லிசா. எல்லாப் படத்துலயும் ஒரே லோகோ ஒரே இடத்துல ஒரே மாதிரி இருந்தா அதுவும் ஆபத்து. 2017ல கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் காட்டினாங்க, ஒரே வாட்டர்மார்க் இருக்கிற நிறைய படங்கள் கிடைச்சா கம்ப்யூட்டரே அந்த வாட்டர்மார்க் என்னன்னு கணக்குப் போட்டு எடுத்து, எல்லாப் படத்துல இருந்தும் சுத்தமா அழிச்சிடுது. படத்துக்குப் படம் லோகோவைக் கொஞ்சம் வளைச்சுப் போட்டா அது கஷ்டம்னும் அவங்களே சொன்னாங்க. நான் அதுல இருந்து ஒவ்வொரு ஆல்பத்துக்கும் லோகோவோட வளைவை மாத்திக்கிட்டே இருக்கேன்.

கண்ணுக்குத் தெரியாததுக்கு இன்விசிபிள் வாட்டர்மார்க்னு ஒரு பைதான் லைப்ரரி இருக்கு, எழுதிக் குடுத்தா படம் வரைஞ்சு தர்ற ஸ்டேபிள் டிஃப்யூஷன்ங்கிற ஏஐ வந்தப்ப அதுல உருவாக்குற படங்கள்ல அடையாளம் வைக்க இதைத்தான் சேத்திருந்தாங்க. இது கடைசி பிட்டைத் தொடாது, படத்தை அலைவரிசையா மாத்தி அந்த எண்கள்ல அடையாளத்தை விதைக்கும். ரொம்ப நுணுக்கமான இடத்துல வச்சா ஜேபெக் தின்னுடும், அதான் அங்க வைக்கிறதில்ல. அந்த லைப்ரரில சில முறைகள் இருக்கு, அதுல டிடபிள்யூடி டிசிடி எஸ்விடின்னு பேர் இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க, மெதுவா ஓடும், ஆனா கொஞ்சம் கெட்டியா நிக்கும்.

உள்ள என்ன எழுதுறதுங்கிறதுதான் முக்கியம். உங்க பேரு, போன் நம்பர், ஊரு எல்லாம் எழுத ஆசைப்படாதீங்க, இடம் கிடையாது. 4 பைட் போதும். 32 பிட்ல 429 கோடிக்கு மேல வேற வேற எண் எழுதலாம். ஒரு எக்செல் ஷீட் வச்சுக்கோங்க, அதுல எண், எந்தப் படம், யாருக்கு, என்னைக்கு அனுப்பினோம், எந்த அளவுல அனுப்பினோம், இவ்ளோதான். பொண்ணு வீட்டுக்கு ஒரு எண், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு எண், மண்டபத்துக்காரருக்கு ஒரு எண், மேக்கப் அக்காவுக்கு ஒரு எண். ஒரே படம்தான், பாக்குறதுக்கும் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொண்ணுக்குள்ளயும் வேற எண். அன்னைக்கு நான் நாலு பேருக்கு அனுப்புனப்ப இதைப் பண்ணியிருந்தா எந்த வழியா போச்சுன்னு தேட ஒரு பிடியாவது இருந்திருக்கும்.

வரிசையும் முக்கியம். கலர் கரெக்‌ஷன், க்ராப், சைஸ் எல்லாம் முடிச்சு, அனுப்பப்போற அளவுக்கு எக்ஸ்போர்ட் பண்ணின பிறகுதான் வாட்டர்மார்க். அடையாளம் வச்ச பிறகு நீங்களே சைஸைக் குறைச்சா பாதி வலு அங்கயே போயிடும்.

அப்புறம் டெஸ்ட். இதைப் பண்ணாம யாருக்கும் அனுப்பாதீங்க. அடையாளம் வச்ச படத்தை உங்க இன்னொரு நம்பருக்கு வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பி, அங்கிருந்து டவுன்லோட் பண்ணி, எண் வருதான்னு பாருங்க. வாட்ஸ்அப் சைஸையும் குறைக்கும், திரும்ப ஜேபெக்காவும் அமுக்கும், அதனால எண்ணைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஷீட்ல இருக்கிற பழைய அளவுக்குப் படத்தைத் திரும்பக் கொண்டு வந்துட்டு அப்புறம் படிங்க, அப்படியே படிச்சா கட்டங்கள் நழுவிப்போய் கண்டது வரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பாருங்க, ஓரத்தை வெட்டிப் பாருங்க, கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க. சாய்க்கிறதுலயும் வெட்டுறதுலயும் இது பல தடவை தோத்துடும், அது தெரிஞ்சுதான் நான் கண்ணுக்குத் தெரியுற லோகோவையும் விடாம வச்சிருக்கேன்.

வீடியோக்கு வந்தா கதையே வேற. எச் 264ங்கிற வீடியோ அமுக்குற முறை ஒரு ஃப்ரேமை முழுசா வச்சுட்டு அடுத்த ஃப்ரேம்கள்ல என்ன மாறுச்சுங்கிறதை மட்டும்தான் பெரும்பாலும் எழுதும், அதனால கடைசி பிட் வேலை அங்க செல்லவே செல்லாது. சினிமா தியேட்டர்ல எப்படிப் பண்றாங்கன்னு பாத்தா நமக்கு ஒரு வழி கிடைக்கும். டிஜிட்டல் சினிமாவுக்காக ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து வச்ச டிசிஐ அமைப்போட விதிப்படி, படம் ஓடுறப்பவே சர்வர் ஒவ்வொரு 5 நிமிஷத்துக்கும் 35 பிட் அடையாளத்தைப் படத்துல கலக்கணும், 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் எந்த இடத்துல ஓடுச்சுங்கிறதுக்கு. யாராச்சும் செல்போன்ல புடிச்சு ஏத்தினா எந்தத் தியேட்டர், எந்த ஷோன்னு அதை வச்சுத்தான் தேடிப் போறாங்க. ரெண்டரை மணி நேரப் படத்துல ஒவ்வொரு தடவையும் வெறும் 35 பிட், திரும்பத் திரும்ப. கொஞ்சமா எழுதணும், திரும்பத் திரும்ப எழுதணும்.

நம்ம எடிட்டருங்க எந்த சாஃப்ட்வேரும் வாங்காம இதையே டைம்லைன்ல பண்ணலாம். மூணு நிமிஷ ஹைலைட்ஸ் வீடியோன்னு வைங்க. அதுல ஆறு இடத்துல, ரெண்டு ஷாட்டு சேர்ற கட்டிங்கை எடுத்துக்கோங்க. ஒவ்வொண்ணுலயும் 'ஏ', 'பி'ன்னு ரெண்டு வகை: 'ஏ' வகைன்னா இருக்கிறபடியே, 'பி' வகைன்னா அந்தக் கட்டிங் 8 ஃப்ரேம் தள்ளி வரும். முதல் ஷாட் 8 ஃப்ரேம் நீளும், அடுத்தது 8 ஃப்ரேம் குறையும், மொத்த நீளம் மாறாது, மியூசிக் நழுவாது. 25 ஃப்ரேம் வீடியோல அது ஒரு நொடில மூணுல ஒரு பங்கு, பாக்குறவங்களுக்குத் தெரியாது, தாளத்துக்கு சரியா விழுற கட்டிங்கை மட்டும் தொடாதீங்க. இப்ப நாலு பேருக்கு அனுப்பணும். முதல் ஆளுக்கு ஆறும் ஏ. ரெண்டாவது ஆளுக்கு முதல் நாலு பி, மீதி ஏ. மூணாவது ஆளுக்கு முதல் ரெண்டு ஏ, மீதி நாலும் பி. நாலாவது ஆளுக்கு முதல் ரெண்டும் கடைசி ரெண்டும் பி, நடுவுல ஏ. யாரை யாரோட ஒப்பிட்டாலும் நாலு இடத்துல வித்தியாசம் இருக்கும், அதனால ஒரு இடம் சரியாத் தெரியலைன்னாலும் ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிடலாம். இதுல எனக்குப் பிடிச்சதே என்னன்னா, ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணினாலும், எத்தனை தடவை அமுக்கினாலும், டிவில ஓடுறதை போன்ல புடிச்சாலும் கட்டிங் எங்க விழுதோ அங்கதான் விழும். ரெண்டு பேரு சேர்ந்து ரெண்டு காப்பியையும் வச்சுக் கலந்து வெட்டினா மட்டும் குழம்பும்.

பணம் செட்டில் ஆகாத ப்ரிவியூவா இருந்தா இவ்ளோ நுணுக்கம் வேண்டாம், டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல 'டேட்டா பர்ன் இன்'னு ஒண்ணு இருக்கு, அதுல வாங்குறவங்க பேரையும் தேதியையும் படத்து மேலயே எரிச்சு அனுப்பிடுங்க.

சட்டம் பத்தி ரெண்டு விஷயம், ஏன்னா இது தெரியாமத்தான் நிறைய பேரு ஏமாறுறோம். காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 17 படி, காசு குடுத்து ஒருத்தர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், நம்ம இல்ல. கல்யாண ஆர்டர் எல்லாமே இதுல வரும். அதனால அட்வான்ஸ் வாங்குறப்பவே உரிமை யாருக்குன்னு ஒரு பக்கத்துல எழுதி கையெழுத்து வாங்குங்க. நம்மளா தெருவுல இறங்கி எடுத்த பொங்கல் படம் நம்மளோடது. ரெண்டாவது, 2012 திருத்தத்துல வந்த பிரிவு 65பி, உரிமை பத்தின தகவலை அனுமதியில்லாம தெரிஞ்சே நீக்கினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலும் அபராதமும்னு சொல்லுது. அதுக்காகவாவது லைட்ரூம்ங்கிற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல காப்பிரைட் கட்டத்துல உங்க பேரை நிரப்பி வைங்க, வாட்ஸ்அப் அதை உரிச்சிடும்தான், ஆனா பென் ட்ரைவ்லயும் டாக்குமென்ட்டாவும் போற ஃபைல்ல அது இருக்கும்.

நாளைக்கு உங்க படம் எங்கயாச்சும் கிடைச்சா உடனே போன் போட்டு சண்டை போடாதீங்க, அவங்க அழிச்சிட்டா கைல ஒண்ணும் இருக்காது. முதல்ல அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, படத்தையும் தனியா டவுன்லோட் பண்ணி அப்படியே வைங்க, அதுல எதையும் திருத்தாதீங்க. ஒரு காப்பி எடுத்து, அதைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து எண்ணைப் படிங்க. எண் கிடைச்சா ஷீட்டைத் திறந்து அது யாருக்குப் போன காப்பின்னு பாருங்க, அவங்ககிட்ட முதல்ல அமைதியா கேளுங்க, ஏன்னா அவங்க போன்ல இருந்து சொந்தக்காரங்க யாராச்சும் ஃபார்வர்ட் பண்ணியிருக்கவும் வாய்ப்பு நிறைய.