பனாமா கால்வாய்: உங்கள் கப்பல் எந்த லொக்கால் போகும்? புக் பண்ண முதல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை உப்புவெளியில் தெரிந்த தம்பி ஒருவர் போனை நீட்டினார். கனடாவில் இருக்கும் அக்கா, அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு பனாமா கால்வாய்ப் பயணம் போக இருக்கிறாவாம். "அண்ணை, கப்பல் 290 மீற்றர் நீளம். பழைய லொக்கால போகும் தானே?"

2019இல் இதே கேள்விக்கு "ஓம்" சொன்னவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்குதில்லை. பயணிகள் கப்பல்களில் டெக் வேலையாகப் பன்னிரண்டு வருடம் இருந்தும் அந்தப் பிழையை விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கால்வாயின் நடுவில் இருக்கும் கட்டூன் ஏரி கடல்மட்டத்திலிருந்து 26 மீற்றர் உயரம். லொக் என்பது இரு பக்கமும் கதவுள்ள பெரிய கொங்கிரீட் தொட்டி. அதில் தண்ணீரை நிரப்பிக் கப்பலைப் படிப்படியாக ஏரிக்கு ஏற்றி, மறுபக்கம் தண்ணீரை விட்டு இறக்குவார்கள். தண்ணீர் ஏற்றப் பம்ப் எதுவும் கிடையாது. கந்தளாய்க் குளத்துத் துருசைத் திறந்தால் தண்ணீர் தானாக வாய்க்காலுக்கு ஓடுகிறதே, அதே வேலைதான்.

1914இல் திறந்த பழைய லொக்குகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. கரீபியன் பக்கம் கட்டூன், பசிபிக் பக்கம் பெட்ரோ மிகெல், மிராஃப்ளோரஸ். 2016 ஜூனில் திறந்த புதியவை இரண்டு. கரீபியன் பக்கம் அகுவா கிளாரா, பசிபிக் பக்கம் கொக்கொலி. ஒரு கப்பல் இரண்டு பாதையில் ஒன்றால்தான் போகும்.

நீளத்தைப் பார்த்து முடிவெடுப்பது

என் மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் டக் படகில் முப்பது வருடம் வேலை செய்தவர். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் ஜெட்டியில் அணைத்த மனுசன். பனாமாவில் கப்பலை டக் இல்லாமல், கரையில் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின்கள் கம்பிவடத்தால் பிடித்துக்கொண்டு போகும் என்று நான் சொன்ன நாளிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். அந்த எஞ்சின்களைக் கப்பல்காரர் 'மியூல்' என்று சொல்லுவோம். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் மகள் காசு சேர்த்து, கப்பலைத் தெரிவுசெய்யும் பொறுப்பை என்னிடம் தந்தாள்.

பழைய லொக்கில் பயணிகள் கப்பலின் நீள எல்லை 294.13 மீற்றர். நான் எடுத்த கப்பல் அதைவிடக் குறைவு. அத்தோடு நிறுத்திவிட்டேன். அகலத்தைப் பார்க்கவில்லை.

பயண நாள் மாமா வட்ஸ்அப்பில் பேசினார். "மருமோன், முன்னுக்கு ஒரு டக், பின்னுக்கு ஒரு டக் நிக்குது. இதைத்தானே நான் முப்பது வருசமாச் செய்தனான். நீ சொன்ன எஞ்சின் எங்க?" எனக்குப் பதில் வரவில்லை. புதிய லொக்குகளில் மியூல் கிடையாது, கப்பலைப் பிடிப்பது டக்தான். மாமா அதற்குப் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி என்னோடு கதைக்கவே இல்லை. மகளின் ஒரு வருடச் சேமிப்பு அது.

பார்க்க வேண்டியது அகலம். பழைய தொட்டியின் அகலம் 33.53 மீற்றர். அதற்குள் 32.31 மீற்றர் வரைதான் விடுவார்கள். இரண்டு கப்பலை ஒப்பிட்டால் விளங்கும். கோரல் பிரின்சஸ் 294 மீற்றர் நீளம், 32.2 அகலம், பழைய லொக்குக்குள் அடங்கும். கரீபியன் பிரின்சஸ் ஏறக்குறைய 290 மீற்றர்தான், ஆனால் 36 மீற்றர் அகலம். குட்டையான கப்பல் புதிய லொக்கைத் தவிர வேறெதற்குள்ளும் நுழையாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சில விபரப் பக்கங்கள் மேல்தளத்தின் அகலத்தைப் போடும். கப்பலோட்டும் மேடையின் இரு சிறகும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் 32.2 மீற்றர் கப்பலுக்கே 37, 38 என்று கணக்கு வரும். அந்தச் சிறகு லொக்கின் மதிலுக்கு மேலால் போய்விடும். நீங்கள் கேட்க வேண்டியது நீர்மட்ட அகலம்.

அகலம் கூடினால் புதிய லொக் என்பது நிச்சயம். அகலம் பொருந்தினால் பழையது என்பது அவ்வளவு நிச்சயமில்லை. டிஸ்னி வொண்டர் பழையதில் அடங்கும் கப்பல், 2017 ஏப்ரலில் அது புதியதால் போனது. கடைசி முடிவு கால்வாய் நிர்வாகத்தின் கையில். ஆகவே வயதானவர்களுக்கு "மியூல் கட்டாயம் பார்க்கலாம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

டன் கணக்கு

கப்பல் எத்தனை டன் என்று பார்க்கவே வேண்டாம். எந்த லொக் என்பதை அது சொல்லாது, அகலம்தான் சொல்லும்.

"பனாமா கால்வாய்" என்ற பெயரை நம்பிப் பணம் கட்டுவது

சில பயணங்கள் கரீபியன் பக்கத்தால் ஏரிக்கு ஏறி, அதே வழியால் திரும்பிவிடும். மிராஃப்ளோரஸும் இல்லை, மலையை வெட்டிய குலெப்ராவும் இல்லை, பசிபிக்கும் இல்லை. முழுக் கடப்பா, பாதியா என்று எழுத்தில் கேளுங்கள்.

வலப் பக்கக் கபினா, இடப் பக்கமா?

பழைய லொக்கில் இரட்டைத் தடம். எந்தத் தடம் என்பதைக் கால்வாய்க்காரர் தீர்மானிப்பார்கள், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உயரம்தான் முக்கியம். முழு அகலக் கப்பல் உள்ளே நின்றால் மதிலுக்கும் பக்கத்துக்கும் இடையில் அரை மீற்றர் சொச்சம்தான். கீழ்த்தளத்தில் நின்றால் ஈரம் வடியும் கொங்கிரீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், தண்ணீர் ஏற ஏற அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேல்தளத்தில், முன்பக்கம் நில்லுங்கள். மியூல் மணியடிக்கிற சத்தமும் கேட்கும், ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததுக்கு அது சரிவில் ஏறுவதும் தெரியும்.

சூயஸிலும் லொக் இருக்கும் என்று நினைப்பது

இல்லை. அது கடல்மட்டக் கால்வாய்.

வீட்டிலிருந்து பிழையான கமராவைப் பார்ப்பது

கால்வாய் நிர்வாகம் நேரலைக் கமரா வைத்திருக்கிறது. இங்கே அம்மாமார் பேரப்பிள்ளைகளோடு மிராஃப்ளோரஸ் கமராவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள். கப்பல் கொக்கொலியால் போனால் அந்தக் கமராவுக்கு முன்னால் வரவே வராது. அகலத்தைப் பார்த்து, எந்தப் பாதை என்று முதலே சொல்லிவிடுங்கள். நேரத்தையும் சொல்லுங்கள். பனாமா நம்மைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு, அங்கே காலை ஏழு என்றால் திருகோணமலையில் பின்னேரம் ஐந்தரை.