சி-55 லைசென்ஸ்: பரீட்சைக்கு முன்னும் பின்னும் சறுக்கும் இடங்கள்

கலிஃபோர்னியாவில் வாட்டர் சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி), ஆர்.ஓ. போன்ற சாதனங்களைப் பொருத்தித் தரும் தொழிலுக்கென்றே ஒரு லைசென்ஸ் உண்டு. பெயர் சி-55. தருவது மாநிலத்தின் கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு. விண்ணப்பிக்கிறவர்கள் இரண்டு பரீட்சைகளை (ஒன்று சட்டமும் வணிகமும், இன்னொன்று தொழில்) நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் நிரப்பும் அனுபவப் படிவத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டு அனுபவம் வேண்டும். சரி, எட்டு வருஷமாக இதே வேலைதானே என்று தோன்றும். ஆனால் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் வேலையைத் தனியாக முடிக்கத் தெரிந்த ‘ஜர்னிமேன்’ நிலை அனுபவம்தான் கணக்கில் வரும். உதவியாளாகப் போய் உப்பு மூட்டை தூக்கிய காலமும், வீடு வீடாகத் தண்ணீரைச் சோதித்துக் காட்டி விற்ற காலமும் சேராது. படிப்புக்கும் பயிற்சிக்கும் அதிகபட்சம் 3 ஆண்டு வரை கழிவு கிடைக்கலாம். மீதி ஓர் ஆண்டாவது கைவேலையாக இருக்க வேண்டும்.

உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்தான் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்: முதலாளி, ஃபோர்மேன், கூட வேலை செய்தவர் என்று யாராவது. ‘பிளம்பிங் வேலை’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. சாஃப்ட்னர் பொருத்தியது, பைபாஸ் வால்வு வைத்தது, அழுக்குநீர் திரும்பி ஏறாதபடி கழிவுநீர்க் குழாய்க்குக் காற்று இடைவெளி விட்டது என்று விவரமாக எழுத வேண்டும். போர்டு ஆதாரம் கேட்கலாம். சம்பளச் சீட்டு, வரிப் படிவம், பெர்மிட் நகல்களை விண்ணப்பிக்கும் முன்பே தேடி எடுத்து வையுங்கள். பழைய முதலாளியோடு மனஸ்தாபம் என்றால் அதையும் முதலில் சரிசெய்துவிடுவது நல்லது.

லைசென்ஸ் கைக்கு வரும் முன் வேலை எடுக்காதீர்கள். 2025 முதல் 1,000 டாலருக்குக் குறைவான வேலைக்கு விலக்கு உண்டு. அதுவும் பெர்மிட் தேவைப்படாமல், ஆள் வைக்காமல் செய்தால் மட்டும். ஒரே வேலையை இரண்டு பில்லாக உடைப்பது செல்லாது. மாட்டினால் அபராதம் ஒருபுறம். வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் வழக்குப் போடவும் முடியாது, ஏற்கெனவே தந்ததை அவர் திருப்பிக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

அப்புறம், சி-55 எல்லை குறுகியது. சாதனத்தைத் தண்ணீர் இணைப்போடு சேர்க்கத் தேவையான பைப்பும் ஃபிட்டிங்கும்தான் உங்கள் வேலை. “வந்ததோடு வீட்டுப் பைப்பையும் மாற்றிக் கொடுங்க” என்று கேட்டால், அது சி-36 பிளம்பிங் லைசென்ஸ்காரரின் வேலை.

லைசென்ஸுக்கு 25,000 டாலர் பாண்டு (ஜாமீன் பத்திரம்) வேண்டும் என்றதும் அவ்வளவு பணத்தையும் கட்ட வேண்டுமோ என்று சிலர் மலைப்பார்கள். இல்லை, ஜாமீன் நிறுவனத்துக்குப் பிரீமியம் மட்டும்தான். ஆனால் இதை இன்ஷூரன்ஸ் என்று எண்ணிவிடக் கூடாது. பாண்டிலிருந்து வாடிக்கையாளருக்குப் பணம் போனால், அந்த நிறுவனம் உங்களிடம்தான் வசூலிக்கும்.

லைசென்ஸ் வந்த பிறகும் ஊர் விதி இருக்கிறது. சான்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில், தானே உப்பால் கழுவிக்கொள்ளும் சாஃப்ட்னர்கள் 2008 வாக்கெடுப்புக்குப் பின் தடைசெய்யப்பட்டன. கழுவிய உப்பிலிருந்த குளோரைடு சாக்கடை வழியே சான்டா கிளாரா ஆற்றில் கலந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் விளையும் அவகாடோவும் ஸ்ட்ராபெர்ரியும் குளோரைடைத் தாங்காதவை. அங்கே சாஃப்ட்னர் தொட்டியை நிறுவனமே எடுத்துப் போய் வேறொன்றை மாற்றிக் கொடுக்கும் முறைதான் வழி.

முதல் ஒப்பந்தத்திலேயே முன்பணத்தில் தவறுவோர் உண்டு. 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான் வாங்கலாம். 4,500 டாலர் வேலைக்கு 450 டாலர். “மெஷின் வாங்கவே பாதிப் பணம் வேண்டுமே” என்ற சமாதானம் எடுபடாது.